வெட்டுக்கிளி பிஸ்கட்டும் என் நாத்தனாரும்

என் நாத்தனாருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவள் பங்குக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டிருந்தேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் பயத்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல வழியில்லை.

கட்டியவனோடு நாலு வருடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். "தலையணை எங்க வீட்ல இல்லையா?" என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் சொன்னாள்: "இந்தத் தலையணை இல்லாம எனக்குத் தூக்கம் வராது அண்ணி. அந்த ஆளு இல்லாம நல்லாவே வரும்." நாத்தனார் வந்துவிட்டாள், இனி வீடு ரெண்டுபடும் என்று கறுவிக்கொண்டிருந்த நான், அந்த நிமிடமே சிரித்துத் தோற்றுப்போனேன். அண்ணனிடம் ஒரு பேச்சு, அண்ணியிடம் ஒரு பேச்சு என்பது அவளிடம் கிடையாது. எனக்குத்தான் அந்தப் பழக்கம் உண்டு.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. புதிதாக வரும் தின்பண்டங்களைத் துண்டு துண்டாக்கி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சும்மா கொடுத்து ருசி காட்டுகிற வேலை. நீல ஏப்ரன், தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு மெல்லிய உறை, முன்னால் ஒரு மடக்கு மேசை. மேசை மேல் தட்டு, பக்கத்தில் ஒரு பலகை. சரக்கின் பெயர் பெரிய எழுத்திலும், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது சின்ன எழுத்திலும் அந்தப் பலகையில் அச்சடித்திருக்கும்.

"யாரையும் 'வேணுமா'ன்னு கேக்கவே கூடாது அண்ணி," என்பாள். "கேட்டா யோசிப்பாங்க. யோசிச்சா வேண்டாம்னுதான் தோணும். நான் கேக்கறதே இல்ல, கையில குடுத்துடுவேன். மென்னு முழுங்கினப்புறம்தான் பேரைச் சொல்லுவேன்."

சும்மா கிடைக்கிறது என்றால் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள். ஒருத்தர் மூன்று முறை வருவாராம். இரண்டாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருவார், மூன்றாவது முறை மனைவியை அனுப்புவார். என் மகள் சிட்டு அத்தையின் மடியில் புரண்டு புரண்டு சிரிப்பாள். ஒன்பது வயதுப் பெண்; அத்தை சொல்வதுதான் அவளுக்கு வேதம்.

இனி என் பயத்துக்கு வருகிறேன். சிட்டுவுக்கு நாலு வயதில், பக்கத்து வீட்டில் கொடுத்த வறுத்த இறாலில் பாதியைக் கடித்தாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துக் கையில் கொடுத்தார்கள். இறாலும் நண்டும் ஜென்மத்துக்கும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். பேனா மாதிரி ஒரு ஊசியைக் கொடுத்து, மூச்சு இழுத்தால் யோசிக்காமல் தொடையில் குத்திவிட வேண்டும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஊசி என் கைப்பையில் இருக்கிறது. கடைத்தெருவில் பாதி வழியில் நின்று பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பேன். விருந்துக்குக் கூப்பிட்ட வீடுகளில் எந்த எண்ணெயில் பொரித்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு, எங்களைக் கூப்பிடுவதையே உறவுக்காரர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கு 'இறால் போலீஸ்' என்று பட்டப்பெயர் வேறு. வைத்துவிட்டுப் போகட்டும், என் பிள்ளை எனக்கு முக்கியம்.

சிட்டுவையும் பழக்கியிருந்தேன். யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பாள்: "இதுல இறால் இருக்கா? நண்டு இருக்கா?" பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிப்பாள். ஒருநாளும் மறந்ததில்லை.

அந்த வருடம் கோடைத் தொடக்கத்தில் நாத்தனார் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து அடுக்களை மேடையில் வைத்தாள். சிட்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள், கணவர் லிஃப்ட் பழுது பார்க்கப் போயிருந்தார். பாக்கெட்டில் ஒரு வெட்டுக்கிளியின் படம், பச்சை நிறத்தில், கால் மடக்கி உட்கார்ந்திருந்தது.

"புது சரக்கு," என்றாள். "வெட்டுக்கிளியைக் காய வச்சு, மாவா அரைச்சு, கோதுமையோட சேத்துப் பண்றாங்களாம். கறியை விடச் சத்து அதிகமாம். நாளையிலிருந்து இதுதான் என் மேசையில."

"சீ, அந்தப் பக்கம் எடு!"

"நானே இன்னும் வாயில வைக்கல அண்ணி. தின்னு பாக்காத சரக்கை நான் யாருக்கும் குடுத்ததில்ல. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. சேர்ந்து தின்னுடலாமா?"

அன்றுதான் முதல்முறையாக அவள் தயங்கிப் பார்த்தேன். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு கடித்தோம். என் வாயில் கால்கள் ஊர்வதாகவே தோன்றியது. ஆனால் மென்ற பிறகு வறுத்த கடலை வாசனைதான் வந்தது. நான் இன்னொன்று எடுத்தேன். அதற்கு அவள் என்னை இரண்டு நாள் கேலி செய்தாள்.

கடையில் அந்தச் சரக்கு படுத்துவிட்டது. பலகையில் 'வெட்டுக்கிளி' என்ற சொல்லைப் பார்த்ததுமே ஜனங்கள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெண்மணி குழந்தையின் கண்ணைப் பொத்தினாளாம். ஒரு பெரியவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "இத்தனை வருஷம் பூச்சியை அடிச்சேன், இனிமே திங்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். மூன்று நாளில் பதினோரு பேர் வாயில் வைத்தார்கள். சனிக்கிழமைக்குள் சரக்கு நகரவில்லை என்றால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையில குடுத்தாலும் தெரிஞ்சுடுது அண்ணி. பலகை பக்கத்துலேயே நிக்குதே."

பலகையைத் திருப்பி வைக்கும் யோசனையைச் சொன்னது நான். காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சுட்டுப் போயேன். தின்னு முடிச்சதும் நீயே வாயால சொல்லிடு."

"ஏமாத்தற மாதிரி ஆயிடாதா?"

"விஷமா குடுக்கற? நான் ரெண்டு தின்னேன், குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். பேரைக் கேட்டுத்தான் பயப்படறாங்க, ருசியைப் பாத்து இல்ல."

வெள்ளிக்கிழமை அவள் பலகையைத் திருப்பி வைத்தாள். வேலை செய்தது. தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு அவள் விஷயத்தைச் சொன்னதும் பாதிப் பேர் அலறிச் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள், ஒருத்தர் குழாயடிக்கு ஓடி வாய் கொப்பளித்தார். ஆனால் நிறையப் பேர் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்களாம். "முன்னாடியே சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன்" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்களாம். அன்று சாயங்காலம் அவள் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சிட்டுவை அழைத்துக்கொண்டு சாமான் வாங்க அதே கடைக்குப் போனேன். அவள் வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு அத்தையின் மேசையைப் பார்த்து ஓடினாள். நான் காய்கறிப் பக்கம் போனேன். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அத்தை ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள். சிட்டு வழக்கம்போல இரண்டு கேள்வியையும் கேட்டிருக்கிறாள்.

"இதுல இறால் இருக்கா அத்தை? நண்டு இருக்கா?"

"சத்தியமா இல்லடி கண்ணு. அத்தை குடுப்பேனா உனக்கு?"

இரண்டு துண்டு தின்றிருக்கிறாள். பிறகு அத்தை காதில் ரகசியத்தைச் சொன்னதும், கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அம்மா, நான் வெட்டுக்கிளி தின்னுட்டேன்! வெட்டுக்கிளி!"

நான் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். "உள்ள ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அருவருப்பில் உடம்பு கூசுகிறது, சரியாகிவிடும் என்று சொன்னேன். முகத்தைச் சுளித்தாள், பூச்சியை நினைத்துச் சுளிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தக்காளி எடைபோட வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அவள் என் புடவையை இழுத்தாள். குனிந்தேன். கீழுதடு இரண்டு பங்காக இருந்தது.

"அம்மா," என்றாள். அந்தக் குரல் அவளுடையது இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரே ஒருநாள் கேட்ட குரல்.

பையைக் கொட்டினேன், ஊசி கையில் வந்தது. குத்தியிருக்க வேண்டும். யோசிக்காமல் குத்து என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நான் யோசித்தேன். இறால் தின்னவில்லையே, நண்டு தின்னவில்லையே, இது வேறு ஏதாவதா, வேறு எதற்கோ இந்த ஊசியைப் போட்டு இதயத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? ஊசியை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நாத்தனாரின் மேசைக்கு ஓடினேன். சிட்டுவின் மூச்சு ஒவ்வொன்றும் விசில் அடித்துக்கொண்டு வந்தது.

"என்னடி குடுத்தே? வேற என்ன குடுத்தே?"

"வேற ஒண்ணும் இல்ல அண்ணி. அந்த பிஸ்கட் மட்டும்தான். நீங்களும்தானே..."

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துத் திருப்பினாள். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து இறங்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது. எறும்பு அளவு எழுத்து. அதைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெட்டுக்கிளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் உண்ண வேண்டாம்."

ஊசியின் மூடியைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. அவள் என் கையிலிருந்து பிடுங்கினாள். மூடியைப் பல்லால் இழுத்துத் துப்பினாள். சிட்டுவைத் தரையில் கிடத்தி, பாவாடைக்கு மேலேயே தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தாள். வாய்விட்டுப் பத்துவரை எண்ணினாள். ஏழுக்கு மேல் அவளுக்கு எண் வரவில்லை. ஏழையே மூன்று முறை சொன்னாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். சுற்றி நின்றவர்களில் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். கையில் பாதி பிஸ்கட்டோடு நின்ற ஒரு பெண், "இது வெட்டுக்கிளியா? எனக்கு ஏன் சொல்லல?" என்று கத்தினாள். என் நாத்தனார் தலையை நிமிர்த்தாமல், "ஆமாம்மா, வெட்டுக்கிளி. எல்லாருக்கும் சொல்றேன், இறால் ஒத்துக்காதவங்க யாராவது தின்னிருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சிட்டுவுக்கு இன்னொரு ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நீளமான நடையில் இரும்பு நாற்காலிகள். நாங்கள் இருவரும் உட்காரவில்லை. உள்ளே ஒரு கருவி விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு ஒலிக்கும் நடுவே செத்துச் செத்துப் பிழைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டாள், மறுபடி வீங்கினாலும் வீங்கலாம், ஒருநாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அப்போதுதான் என் கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். "யார் குடுத்தது? என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"நான்தாண்ணா," என்றாள் நாத்தனார். "பூச்சி மாவு பிஸ்கட். பலகையைத் திருப்பி வச்சிருந்தேன். அதுல எழுதியிருந்தது, நான் படிக்கல."

அவர் கை ஓங்கிவிட்டார். அவள் நகரவில்லை. ஓங்கிய கையைச் சுவரில் அறைந்தார். "என் கண்ணு முன்னாடி நிக்காத. போயிடு," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். யோசனை என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சுவரில் அறைந்த சத்தம் காதிலேயே இருந்தது. பெற்றவளே செய்தாளா என்று கேட்டுவிடுவாரே என்று பயந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஏப்ரனோடேயே நடந்து போனாள்.

வேலை போய்விட்டது என்றும், கூட வேலை பார்த்தவள் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். என் வீட்டில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. சிட்டு சாப்பிட மறுத்தாள். சோற்றைப் பார்ப்பாள், தட்டைத் தள்ளுவாள். கண்ணெதிரே பாக்கெட்டைப் பிரித்தால் மட்டும் பால் குடித்தாள். பத்து நாளில் முகம் சுருங்கி, மணிக்கட்டு குச்சியாகிவிட்டது. டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை, பயம் தெளியட்டும் என்றார். தெளிகிற வழியாகத் தெரியவில்லை.

பதினோராம் நாள் காலை மூவரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். சிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நான் கேட்டேன்ல. இறால் இருக்கான்னு கேட்டேன், நண்டு இருக்கான்னு கேட்டேன். அத்தை பொய் சொன்னாளா?"

"அவ பேச்சை எடுக்காத," என்றார் கணவர்.

அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அத்தை பொய் சொல்லல. அவளுக்குத் தெரியாது. பலகையைத் திருப்பி வைக்கச் சொன்னதே நான்தான். பூச்சின்னு தெரிஞ்சா யாரும் திங்க மாட்டாங்க, தெரியாமலே குடுன்னு நான் சொல்லிக் குடுத்தேன்."

கணவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ குடுக்கறதை நான் எப்படிம்மா சாப்பிடறது?" என்றாள்.

எழுந்து போய் அடுக்களையில் நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் தங்கையோடு திரும்பி வந்தார். அவள் வாசலைத் தாண்டவில்லை. யாருக்கும் அஞ்சாமல் நிற்பவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

"ஏண்டி சொல்லல? அண்ணி சொல்லித்தான் செஞ்சேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னை நம்பாட்டியும் புள்ள பொழைச்சுக்கும் அண்ணி," என்று கிசுகிசுத்தாள். "உங்களை நம்பாம எப்படி வளரும்?"

சிட்டு அவளைப் பார்த்துவிட்டாள். ஓடிவரவில்லை, அழவும் இல்லை. மேசையில் இருந்த ரொட்டிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் கையில் வைத்தாள்.

"படி அத்தை. எல்லாத்தையும் படி. சின்ன எழுத்தையும்."

நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பாக்கெட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கோதுமை மாவு, தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட், உப்பு என்று நடுங்குகிற குரலில் வாசித்தாள். தயாரித்த தேதி, தொழிற்சாலையின் முகவரி, பாக்கெட்டைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள் என்கிற வரி எதையும் விடவில்லை. முடித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தாள். சிட்டு ஒரு துண்டை எடுத்து, ஓரத்தைக் கடித்து, மென்று, விழுங்கினாள். நாங்கள் மூன்று பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டாவது துண்டை எடுத்தாள்.

பழச்சாறு டப்பாவை நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கினாள். என்னைப் படிக்கச் சொல்லவில்லை. அத்தையிடம் நீட்டினாள்.